செல்ஃப் எடுக்கவில்லை, ஸ்டார்ட் ஆகவில்லை: இரண்டும் ஒன்றல்ல

தில்லியில் சனவரி மாதத்துக் காலைகளில் பல்கலைக்கழக விடுதி வாயில்களில் தவறாமல் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளின் பொத்தானை ஒருவர் திரும்பத் திரும்ப அழுத்துகிறார். உள்ளிருந்து டிக் டிக் டிக் என்று ஓர் ஒலி வருகிறதே தவிர, எஞ்சின் அசையவில்லை. சுற்றி நிற்பவர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளிக்கிறார்கள்: பேட்டரி போய்விட்டது. மாலைக்குள் புதிய பேட்டரி பொருத்தப்படுகிறது. சில மாதங்களில் அதே வண்டி, அதே வாயிலில், அதே ஒலியுடன் நிற்கிறது. நெட் தேர்வு வழியாக வராத ஆய்வு மாணவருக்கு நடுவண் பல்கலைக்கழகங்களில் மாத உதவித்தொகை 8,000 ரூபாய். அதிலிருந்து ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஒரு பொருளை ஓராண்டில் இருமுறை வாங்குவது சிறிய இழப்பன்று.

இந்த இழப்புக்குக் குளிரும் பேட்டரியும் மட்டுமே பொறுப்பல்ல. கோளாறைச் சொல்லும் முறைக்கும் அதில் பங்குண்டு. படித்தவர்கள் பணிமனைக்குப் போய், "ஸ்டார்ட்டிங் பிராப்ளம்" என்கிறார்கள். அந்த ஒற்றைத் தொடர் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. மெக்கானிக்கின் பேச்சோ அப்படிக் கட்டுவதில்லை. "செல்ஃப் எடுக்கவில்லை" என்பது ஒன்று. "செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது வேறொன்று. இந்தியிலும் இதே பிரிவினை இருக்கிறது, ஏறத்தாழ இதே வினைச்சொல்லோடு: "செல்ஃப் நஹீ லே ரஹீ". ஆங்கிலத்திலிருந்து பெயரை மட்டும் கடன் வாங்கி, வினையைத் தம் மொழியிலிருந்தே எடுத்துக்கொண்ட இவ்விரு வழக்குகளும் நோயறிதலின் முதற்படியைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. கொச்சை என்று தள்ளப்படும் பேச்சு இங்கே துல்லியமாக இருக்கிறது. நாகரிகமான ஆங்கிலத் தொடர்தான் மங்கலாக இருக்கிறது.

செல்ஃப் மோட்டார் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையென்றால், பெரும்பாலும் தேட வேண்டிய இடம் பேட்டரி அன்று. எரிபொருள் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்பதே கேள்வி. எரிபொருள் உட்செலுத்தும் வண்டியில் சாவியைத் திருப்பியதும் பம்ப் ஓரிரு நொடிகள் முனகும். அந்த முனகல் கேட்கவில்லையென்றால் அங்கிருந்து தொடங்கலாம். செல்ஃப் சுழலவே இல்லை, எந்த ஒலியும் இல்லை என்றால், எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான், பக்கத் தாங்கியின் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ஃப்யூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விடுதி வாயிலில் யாரோ விளையாட்டாகத் தட்டிவிட்ட சிவப்புப் பொத்தானுக்காகப் பணிமனை வரை தள்ளப்பட்ட வண்டிகள் கொஞ்சமல்ல.

எஞ்சியது ஒலி வரும் வகை. 'டக்' என்று ஒரே ஒருமுறை தட்டி நின்றால் ரிலே முனைகளையோ செல்ஃப் மோட்டாரையோ ஐயுறலாம். டிக் டிக் என்று விரைந்து தொடர்ந்தால், ரிலேயைத் தாங்கிப்பிடிக்கும் அளவுக்குக்கூட மின்னழுத்தம் நிற்கவில்லை என்று பொருள். ஒலி வேறுபாட்டால் பொருள் வேறுபடுவதை ஆண்டுக்கணக்கில் படிக்கும் மொழியியல் மாணவர்கள்கூட இவ்விரண்டையும் ஒன்றாகவே கேட்கிறார்கள் என்பது வேடிக்கைதான்.

விரைந்த டிக் டிக் வந்தால்கூடப் பேட்டரியின் மீது குற்றம் உறுதியாகிவிடுவதில்லை. டெர்மினலில் வெண்பூச்சு படர்ந்திருந்தாலும், திருகு தளர்ந்திருந்தாலும் அதே ஒலி வரும். "முகப்பு விளக்கு எரிகிறதே" என்ற வாதம் எதையும் நிறுவாது. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்குப் பல பத்து ஆம்பியர் வேண்டும். தளர்ந்த இணைப்பு முன்னதைக் கடத்தும், பின்னதைக் கடத்தாது.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இந்த விவாதத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவைக்கும். மூன்று அளவுகள் போதும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த ஈய அமிலப் பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே என்றால் வெறுமை. பொத்தானை அழுத்தும் கணத்தில் அது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே சரியக் கூடாது. ஓய்வில் நிறைவைக் காட்டிச் சுமையில் சரிவது மூத்துப்போன பேட்டரி. மூன்றாவது அளவைத்தான் ஏறக்குறைய யாரும் எடுப்பதில்லை: எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைச் சற்று முறுக்கி, பேட்டரி முனைகளில் பார்ப்பது. அங்கே 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 13ஐ எட்டவில்லையென்றால் ஸ்டேட்டர் காயிலோ, ஆர்.ஆர். யூனிட்டோ, அவற்றுக்கிடையிலான இணைப்போ பழுது. 15ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. இவ்விரு நிலைகளிலும் புதிய பேட்டரி வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குப் புதிய தண்ணீர் ஊற்றுவதுதான். வாயிலில் அதே வண்டி மீண்டும் நிற்பதற்கான காரணம் பெரும்பாலும் எடுக்கப்படாத இந்த மூன்றாவது அளவில் இருக்கிறது.

குளிரின் பங்கை மறுப்பதற்கில்லை. குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிறது. எஞ்சின் எண்ணெய் தடிக்கிறது. ஆகவே தருவது குறையும் வேளையில் கேட்பது கூடுகிறது. ஓடாமல் கிடப்பது அதனினும் தீது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது விடுதிகளில் விட்டுச்செல்லப்பட்ட வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன. தானே கசிந்து வெறுமையான பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. நீண்ட விடுமுறைக்கு முன் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைப்பது இரண்டு நிமிட வேலை.

அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நெறிகள் நடைமுறைக்கு வந்து, பெரும்பாலான புதிய வண்டிகள் எரிபொருள் உட்செலுத்தலுக்கு மாறின. அந்த ஆண்டுகளிலேயே பல வண்டிகளிலிருந்து கிக்கரும் மறைந்தது. 2021இல் வந்த புதிய கிளாசிக் 350இல்கூட அது இல்லை. பேட்டரி செத்தால் பம்பும் கணினியும் இயங்காது, ஆகவே கிக்கர் இருந்தும் பயனில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அது பாதி உண்மை. பேட்டரி அறவே செத்த நாள்கள் சில. சோர்ந்த நாள்களே பல. செல்ஃப் மோட்டாரைச் சுழற்ற இயலாத சோர்ந்த பேட்டரி, பம்புக்கும் பொறிக்கும் வேண்டிய சிறு மின்னோட்டத்தைப் பல வேளைகளில் தந்துவிடும். அந்த வேளைகளில் ஒரு மிதியில் வண்டி கிளம்பியிருக்கும். இப்போது இரண்டாம் கியரில் போட்டு, இருவர் தள்ள, கிளட்சை விட வேண்டியிருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு நூலகத்திலிருந்து தனியே வெளிவரும் மாணவிக்கு அந்த இருவர் எங்கிருந்து வருவார்கள்? எடையும் செலவும் மிச்சம் என்று நிறுவனங்கள் கணக்கிட்டபோது அவள் அக்கணக்கில் இருந்ததாகத் தெரியவில்லை.

பேட்டரி விற்பவருக்கு அளந்து பார்க்கும் தேவை எதுவும் இல்லை. அளந்தால் விற்பனை குறையும். கேட்க வேண்டியது வண்டிக்காரர்தான். பழைய பேட்டரியைக் கழற்றும் முன் ஓய்வில் எவ்வளவு, பொத்தானை அழுத்தும்போது எவ்வளவு, எஞ்சின் ஓடும்போது எவ்வளவு என்று மூன்று எண்களையும் ரசீதின் பின்புறத்தில் எழுதித் தரச் சொல்லலாம். எஞ்சின் ஓடும் அளவை எடுக்கத் தள்ளியாவது வண்டியைக் கிளப்ப வேண்டியிருக்கும். கிளம்பவே இல்லையென்றால் புதியதைப் பொருத்திய கையோடு, பணம் கொடுக்கும் முன், அந்த ஓர் எண்ணையாவது பார்த்துவிட வேண்டும்.