ஐந்து வேலிக் கணக்கில் வராத தெரு

திருவாரூரின் பெருமைக்குப் பழைய நில அளவையில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி. ஆள் குடியிருக்கும் தெரு அதில் வராது. நம் மரபுப் பாதுகாப்பும் இன்றுவரை அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. கோயிலுக்கு அறநிலையத் துறை, தொல்லியல் துறை. சந்நிதித் தெரு வீட்டைத் தேடி வருபவர் பழைய மரம் வாங்கும் வியாபாரிதான். தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை பேசி லாரியில் ஏற்றிவிடுவார்.

ஸ்ரீவாஞ்சியம், திருவீழிமிழலை மாதிரியான ஊர்களில் பழைய வீட்டைத் தனியாகப் பார்த்தால் பெரிய அழகில்லை. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், ஒட்டி ஒட்டிப் போகும் திண்ணைகள், வாசலில் நின்றால் ரேழி, கூடம், முற்றம் தாண்டிக் கொல்லை வரை தெரியும் நேர்கோடு. வரிசையாக நின்றால்தான் அது ஊர். நடுவில் ஒருவர் இடித்துவிட்டு மாடி எழுப்பினால், திறந்து கிடக்கும் பொதுச்சுவரில் ஐப்பசி மழை இறங்கும். அடுத்த வீட்டுக்கும் நாள் குறித்தாயிற்று.

இடிப்பவரைத் திட்டுவது சுலபம். நாட்டு ஓட்டைக் குரங்கு கலைக்கும்; ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை; சூளைகளும் அணைந்து வருகின்றன. வீடோ நாலு பங்காளிகளின் பாகத்தில். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓட்டு வீடும் கூரை வீடும் பட்ட பாட்டைக் கண்டவரிடம் கான்கிரீட் வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆனாலும் தெருவைக் காக்க வழி உண்டு. இங்கிலாந்தில் 1967-ல் வந்த சட்டம், தனிக் கட்டடத்தோடு நில்லாமல் ஒரு பகுதியையே பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்க வழி செய்தது. சின்னக் கிராமத்துத் தெருவும் அதனால் தப்பியது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது 2012-ல்; ஆணையம் வரவே பத்தாண்டுக்கு மேலானது. இனியாவது தெருவைத் தெருவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எந்தத் தெருவை? டெல்டா ஊரின் வரைபடமே சாதிக்கணக்கு: கோயிலடியில் அக்ரஹாரம், தள்ளிக் குடியானத் தெரு, வயலுக்கு அப்பால் சேரி. அக்ரஹாரத்துக்கு மட்டும் வண்ணமடித்து மரபு என்று பலகை மாட்டினால், அந்தத் தெருவில் நடக்கவே விடாத காலத்தை மறக்காதவர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். மரபு அக்ரஹாரத்தோடு முடிவதில்லை; கூத்தாநல்லூரில் கடல் கடந்து சம்பாதித்த பணத்தில் எழுந்த வீடுகளும் இந்த மண்ணின் கட்டடக்கலைதான்.

புதிதாகக் கட்டும் வீட்டிலும் இந்த மரபுக்கு இடம் உண்டு. அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. அதில் 300 அடிக்குக் கான்கிரீட். மீதி 60 அடிக்கு வேறு கூரை போடலாம். அந்த அறுபதில் நாட்டு ஓடு வேய்ந்த திண்ணை ஒன்று வரட்டும். சூளை மறுபடி புகையும். அக்ரஹாரத்துக்கும் ஓடு அங்கிருந்தே கிடைக்கும்.