துணி இஷ்டம், படகு கட்டாயம்

அடுத்த கோடைக்குக் கடற்கரை விடுமுறை எங்கே போலாம்னு நாங்க நாலைஞ்சு குடும்பம் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தப்போ, பாரிஸ்ல இருக்கிற நண்பர் ஒருத்தர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இடம் குரோஷியா. அட்ரியாட்டிக் கடல். சனிக்கிழமை ஏறினா அடுத்த சனிக்கிழமை இறங்கணும். தங்கல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒரு கேட்டமரான் படகுல. நாலு கேபின், எட்டு விருந்தாளி. ஒரு ஜோடிக்கு ஒரு கேபின், மத்த கேபின்ல யார் யாரோ. இதுவரைக்கும் சரி. கடைசி வரிதான் விசேஷம்: உடை அவரவர் விருப்பம். அதாவது போட்டும் இருக்கலாம், போடாமலும் இருக்கலாம்.

உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பிடுச்சு. ஒரு கோஷ்டி, "சீச்சீ, தமிழன் பண்பாடு என்னாவுறது?" இன்னொரு கோஷ்டி, "எந்த நூற்றாண்டுலய்யா இருக்கீங்க? உடம்பைப் பார்த்து வெட்கப்படறதெல்லாம் நிலவுடைமை மனோபாவம்." என்னைக் கேட்டா ரெண்டு கோஷ்டியுமே ஜல்லிதான் அடிக்குது. இந்த ஏற்பாட்டுல வில்லங்கம் துணியில் இல்லை, படகில் இருக்கிறது. அந்த 'விருப்பம்'ங்கிற வார்த்தையில் இருக்கிறது. ஏன்னு சொல்றேன், பொறுமையா கேளுங்க.

முதல்ல பண்பாட்டுக் காவலர்களுக்கு. கேட்டமரான்ங்கிற பேரே நம்ம கட்டுமரம்தான் சாமி. மரத்தைக் கட்டி மிதக்கவிட்டான் நம்மாளு. சோழமண்டலக் கடற்கரையில் அதைப் பார்த்துட்டுப் போன வில்லியம் டாம்பியர் 1697-ல் வந்த தன் பயணப் புத்தகத்தில் அந்தப் பேரை எழுதி வைத்தார். இன்னைக்கு ஓடுற இரட்டை உடல் படகோட வடிவம் பாலினேசியத் தீவுக்காரங்க வழி. பேர் மட்டும் நம்மளது. சரி, அந்தக் கட்டுமரத்துல போன நம்ம மீனவர் என்ன கோட்டு சூட்டா போட்டிருந்தார்? இடுப்புல ஒரு கோமணம். சென்னைக் கடற்கரையில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கடிதம் கொண்டுபோன கட்டுமரக்காரர்கள், கடிதம் நனையாமல் இருக்க அதைத் தலையில் மாட்டிய கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு அலையைத் தாண்டினார்கள். உடம்பைவிடக் கடிதத்துக்குத்தான் மூடாக்கு! அப்போ கப்பல்ல வந்த துரைமாரும் துரைசானிமாரும் இவங்களைப் பார்த்து 'அம்மணக்காரர்கள்'னு முகம் சுளிச்சு எழுதி வெச்சாங்க. அவங்க கொள்ளுப்பேரப் பிள்ளைங்க இன்னைக்கு கேட்டமரான்ல அம்மணமா இருக்கக் காசு கட்டுறாங்க. மதுரையைச் சுத்தி இருக்கிற சமண மலைகள்ல செதுக்கி வெச்சிருக்கிற தீர்த்தங்கரர்கள் என்ன, வேட்டி கட்டிக்கிட்டா உட்கார்ந்திருக்காங்க? அதனால பண்பாட்டு ஜல்லியை நிறுத்திக்கலாம்.

இப்போ முற்போக்குக் கோஷ்டிக்கு. துணியைக் கழட்டினாதான் விடுதலைன்னு பேசறவங்க கொஞ்சம் கன்னியாகுமரி மாவட்ட வரலாற்றையும் புரட்டணும். அன்றைய தென் திருவிதாங்கூரில் மார்பை மூட உரிமை கேட்டு நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். தோள்சீலைக் கலவரம்னு படிச்சிருப்பீங்க. மூடினதுக்காகத் தெருவுல துணியைக் கிழிச்சாங்க. 1859-ல்தான் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு வாலோட. துணி போடுறதே போராடி வாங்கின உரிமையா இருந்த ஊர்க்காரங்ககிட்ட, கழட்டாதவன் பிற்போக்குன்னு பாடம் எடுக்காதீங்க. போடுறதா வேண்டாமாங்கிறதை யார் முடிவு பண்றாங்க, அதுதான் கேள்வி. அன்னைக்கும் அதுதான், இன்னைக்கும் அதுதான்.

இதே கேள்வியை வெச்சு குரோஷியாவைப் பாருங்க. இந்த விஷயத்துல அவங்க பழைய கைகள். 1936 ஆகஸ்ட்ல இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்டு, வாலிஸ் சிம்ப்சன் அம்மாவோட ராப் தீவுக்கு வந்தார். அங்கே ஒரு விரிகுடாவில் அம்மணமாகக் குளிக்க உள்ளூர் அதிகாரிங்க அனுமதி கொடுத்ததாக அந்த ஊர்ல இன்னைக்கும் கதை சொல்றாங்க. (ஆகஸ்ட்ல துணியைக் கழட்டினவர் டிசம்பர்ல கிரீடத்தையும் கழட்டி வெச்சுட்டார் :-)) அப்புறம் யூகோஸ்லாவியா காலத்துல, 1961-ல், இஸ்ட்ரியாவில் வர்சார் ஊர் பக்கத்துல கொவெர்சாதா என்கிற நிர்வாண விடுமுறைக் குடியிருப்பு திறந்தது. கம்யூனிஸ்ட் நாட்டுல, டிட்டோ ஆட்சியில! ஜெர்மன்காரங்க அங்கே குடும்பத்தோட போனாங்க, இப்பவும் போறாங்க. அந்தக் கடற்கரைப் பலகைகள்ல 'எஃப்.கே.கே.'ன்னு ஜெர்மன் சுருக்கெழுத்துதான் இருக்கும்.

இந்த மாதிரி தரையில் இருக்கிற இடங்கள்ல எனக்கு ஒரு பிரச்சினையும் தெரியலை. ஏன்னா அங்கே பல வருஷமா உருவான ஒரு ஒழுங்கு இருக்கு. எங்கே உட்கார்ந்தாலும் உன் துண்டை விரிச்சு அது மேல உட்காரு. கேமராவைத் தூக்காதே. முறைச்சுப் பார்க்காதே. வாசல்ல கேட் இருக்கு, கேட்ல ஆள் இருக்கு. சர்வதேச இயற்கைவாதக் கூட்டமைப்பு 1974-ல் பிரான்ஸில் ஆக்டு நகரத்தில் கூடி எழுதி வைத்த வரையறையிலேயே அம்மணத்துக்குப் பக்கத்தில் தன்மதிப்பு, பிறர் மேல் மதிப்பு ரெண்டும் இருக்கு. எல்லாத்தையும்விட முக்கியமா, அங்கே உங்களுக்கு ஒரு வசதி உண்டு: பிடிக்கலையா, துண்டை மடிச்சு, செருப்பை மாட்டி, எழுந்து நடையைக் கட்டலாம். யார்கிட்டயும் காரணம் சொல்ல வேண்டாம். உங்க ரூம் உங்களுக்கு. ஊருக்குள்ள போய் ஒரு காபி குடிச்சுட்டு சாயந்திரம் மனசு மாறினா திரும்பி வரலாம்.

படகுல இது முடியுமா?

42 அடி கேட்டமரான்னா கேட்கப் பெரிசா இருக்கும். நீளம் 13 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அகலம் ஏழரை மீட்டர் சொச்சம். பெருக்கிப் பாருங்க. நம்ம ஊர்க் கணக்குல ரெண்டரை சென்ட் நிலம் வராது. அதுலயும் முன்பக்கம் ஒரு பகுதி வலை, கீழே கடல். அந்த ரெண்டரை சென்ட்ல எட்டு விருந்தாளி, படகை ஓட்ட ஸ்கிப்பர் ஒருத்தர், பல படகுல சமைக்க இன்னொருத்தர். ஏழு நாள். இதுல ஆறு பேர் துணி இல்லாம இருக்காங்க, ரெண்டு பேர் போட்டிருக்காங்கன்னு வைங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க, ரொம்ப நாகரிகமான ஜனங்க. ஆனா மூணாம் நாள் அந்த ரெண்டு பேர் காட்சிப் பொருள் ஆயிடுவாங்க. மத்தவங்க சொந்த உடம்புல இருக்காங்க, இவங்க ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கிற மாதிரி ஆயிடும். "கூச்சமா? பரவாயில்லை, மெதுவா பழகிடும்"னு ஒருத்தர் அன்பா சொல்வார் பாருங்க, அந்த அன்புக்குத்தான் நான் பயப்படறேன். மாத்திப் போட்டாலும் அதே கதைதான். ஆறு பேர் போட்டிருந்து ரெண்டு பேர் போடாம இருந்தா, அந்த ரெண்டு பேருக்கு நரகம்.

'விருப்பம்'னா என்ன அர்த்தம்? வேண்டாம்னா விலகிப் போக இடம் இருக்கணும். நடுக்கடல்ல எங்கே போவீங்க, கேபினுக்கா? கட்டிலைப் போட்டா மிச்சம் நிக்க மட்டும் இடம் இருக்கிற பெட்டி அது. தடுப்புச் சுவர் வழியா பக்கத்து கேபின்காரர் தும்மினா நீங்க 'நூறாயுசு' சொல்லலாம்.

இன்னொரு சங்கதி, இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வரும். எங்க கூட்டத்துல இந்த யோசனைக்குக் கை தூக்கினவங்க அத்தனை பேரும் ஆம்பளைங்க. அவங்க வீட்டுக்காரம்மாக்களைக் கேட்டீங்களான்னா, "அவ சரின்னுட்டா"ங்கிறாங்க. எப்போ கேட்டீங்க? நாலு நண்பர்கள் உட்கார்ந்திருக்கிற ஹால்ல, காபி கொண்டுவந்து வைக்கும்போது, "என்னம்மா, உனக்கு ஓகேதானே?" இதுக்குப் பேர் சம்மதமா? முடியாதுன்னா பட்டிக்காடு, சரின்னா மாடர்ன். ரெண்டு பக்கமும் அடைச்சு வெச்சுட்டுக் கேட்கிறதுக்குப் பேர் கேள்வி இல்லை சார். தரையில, தனி ரூம் இருக்கிற இடத்துலன்னா, "நான் இன்னைக்கு ரூம்லயே புத்தகம் படிக்கிறேன்"னு அந்தம்மா கௌரவமா ஒதுங்கலாம். படகுல அந்த வழியும் கிடையாது.

எங்க வீட்டம்மாவோட முதல் கேள்வி துணியைப் பத்தியே இல்லை. "பாத்ரூம் எத்தனை?" சரியான கேள்வி. இந்த மாதிரிப் படகுல நல்ல தண்ணித் தொட்டி சில நூறு லிட்டர்தான். பத்துப் பேருக்குச் சமையல், பாத்திரம், குளியல் எல்லாம் அதுக்குள்ள. அதனால கடல்ல முங்கிட்டு, பின்படியில இருக்கிற ஷவர்ல ரெண்டு நிமிஷம் உடம்பை அலசிக்கச் சொல்வாங்க. பின்படிங்கிறது எல்லாரும் ஏறி இறங்குற வாசல். கழிவறைக் குழாய் குறுகல், காகிதம் போட்டா அடைச்சுக்கும், தனிக் கூடையில போடணும். அறிமுகமே இல்லாத எட்டுப் பேரோட ஏழு நாள் இப்படி வாழுறதுக்கு அம்மணம் ஒரு கூடுதல் விஷயம்தான்.

அதுவும் முழுசாக் கிடைக்காது. மெரினாவில் (நம்ம மெரினா இல்லை, படகு நிறுத்துற துறை) கட்டினா துணி போட்டாகணும். காத்து பலமா அடிச்சா ஸ்கிப்பர் படகைத் துறைக்குள்ள விட்டுடுவார். அந்தக் கடல்ல 'பூரா'ன்னு வடகிழக்கிலிருந்து திடீர்னு பாய்கிற காத்து பேர் போனது. ஊருக்குள்ள இறங்கினா இன்னும் மோசம். ஹ்வார் நகராட்சி 2017-லேயே, நீச்சல் உடையோட தெருவுல நடந்தா நூற்றுக்கணக்கான யூரோ அபராதம்னு பலகை வெச்ச ஊர். மிச்ச நேரத்துக்கு வெயில். கடல் நுரை 25 சதவீதம் வரைக்கும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வருஷம் பூரா சட்டைக்குள்ள இருந்த இடங்கள் முதல் நாளே வெந்துடும். கயிறு இழுக்கும்போதும், அடுப்புல எண்ணெய் தெறிக்கும்போதும் எது வெளியே இருக்குன்னு நான் விளக்க வேண்டியதில்லை.

காசைப் பத்தி ரெண்டு வரி. கேபின் விலை மட்டும் பார்த்துட்டு "மலிவு"ங்காதீங்க. சாப்பாடு, டீசல், துறைக் கட்டணத்துக்குப் பல இடத்துல எல்லாரும் சேர்ந்து ஒரு பொது உண்டியல் போடணும், ஸ்கிப்பர் சாப்பாடும் அதிலேயே சேரும். நீங்க சைவம், தண்ணி அடிக்க மாட்டீங்கன்னாலும் உண்டியலுக்குப் பாகுபாடு தெரியாது. 2023 ஜனவரியிலிருந்து குரோஷியா ஷெங்கன்ல சேர்ந்துட்டதால இந்திய பாஸ்போர்ட்காரங்க ஊர்லருந்து கிளம்பினா அந்த விசாவும் வேணும்.

அப்போ போகவே கூடாதா? அப்படிச் சொல்லலை. போறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதை எல்லாம் எழுத்துல கேட்டு வாங்குங்க:

1. போன், கேமரா, டிரோன் விதி என்ன? மேல்தளத்துல போனே கூடாதுன்னு எழுதித் தருவாங்களா? வாட்ஸப்ல ஒரு தடவை போன படம் போனதுதான், அதைத் திருப்பி எடுக்க எந்த ஸ்கிப்பராலும் முடியாது.

2. ஒருத்தர் எல்லை மீறினா யார் இறங்குறது, அவரா நீங்களா? நடுவுல நீங்களே இறங்கிட்டா பணம் திரும்புமா?

3. மத்த ஆறு பேர் யார்? இயற்கைவாதக் குடும்பமா, 'ஜோடி மாத்துற' கோஷ்டியா? ரெண்டும் வேற வேற உலகம். விளம்பரத்துல ரெண்டுக்கும் ஒரே சிரிப்புப் படம்தான் இருக்கும்.

4. சாப்பாட்டு மேசையில துணி உண்டா, இல்லையா? சிரிக்காதீங்க, ஒரு படகு எவ்வளவு யோசிச்சு நடத்தப்படுதுன்னு இந்த ஒரு கேள்வியில தெரிஞ்சுடும்.

இதுக்கெல்லாம் மழுப்பல் பதில் வந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. இல்லை, ஆசை இருக்கு, துணிச்சலும் இருக்குன்னா, கொவெர்சாதா மாதிரி தரையில் தனி அறை எடுங்க. அங்கிருந்து ஒரு அரை நாள் படகுல போயிட்டு வாங்க. பிடிச்சிருந்தா மறுநாளும் போங்க. அம்மணமும் கிடைக்கும், கடலும் கிடைக்கும், ராத்திரி கதவைச் சாத்திக்க ஒரு ரூமும் கிடைக்கும். இல்லைன்னா நல்லாத் தெரிஞ்ச நாலு ஜோடி சேர்ந்து முழுப் படகையும் எடுங்க. ஆனா அந்த நாலு பெண்களையும் தனித்தனியா, அவங்கவங்க புருஷன் இல்லாத இடத்துல கேட்டு, நாலு பேரும் தானாச் சரின்னு சொன்ன பிறகு.

நான் தரைக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கேன். பண்பாட்டுக் கோஷ்டி இதை அவங்க வெற்றின்னு நினைச்சுக்கிட்டா நான் பொறுப்பில்லை. முற்போக்குக் கோஷ்டி என்னைக் கோழைன்னா சந்தோஷமா வாங்கிக்கிறேன். ஆனா ஏறினா ஏழு நாள் இறங்க முடியாத ஒரு இடத்துக்கு 'விருப்பம்'னு பேர் வெச்சு விற்காதீங்கய்யா.