இரும்பு நீரும் இலைச் சாறும்

குழாய்க் கிணற்றிலிருந்து இறைக்கும்போது பளிங்குபோல் தெளிந்திருந்த நீர், தொட்டியில் சில மணி நேரம் நின்றபின் செந்நிறம் கொள்வதைக் குடியானவர்கள் பலர் கண்டிருப்பர். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருந்த இரும்பு, மேலே வந்ததும் பிராணவாயுவுடன் கூடி நுண்ணிய துருத் துகள்களாக மாறுவதே இதற்குக் காரணமாகும். இத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிந்துவிடுமாயின் தொல்லை பெரிதன்று. மேல்நீரை எடுத்துப் பாசனத்திற்கு விடலாம். ஆனால் சில தொட்டிகளில் இரண்டு மூன்று நாள் கழிந்தும் நீர் தெளிவதில்லை. தேயிலைச் சாயம் போன்ற அந்நீர் மணல் வடிகட்டியையும் கடந்து சென்று, சொட்டுநீர்க் குழாய்களின் சொட்டுவான்களை அடைத்துவிடுகிறது.

இத்தகைய இடங்களில் வடிகட்டியைப் பெரிதாக்குவதும், படிகாரத்தை மேன்மேலும் கொட்டுவதும் வழக்கமாக இருக்கின்றன. இவ்விரண்டிற்கும் பணத்தைச் செலவிடுமுன், தொட்டியில் விழுந்து அழுகும் இலை, சருகு, சாணம் ஆகியவற்றை அகற்றுவதே முறையாகும்.

இதன் காரணத்தை அறிதல் கடினமன்று. துருத் துகள்களின் மேற்பரப்பு நல்ல நீரில் பெரும்பாலும் நேர்மின்னேற்றம் உடையதாகவோ, மின்னேற்றம் மிகக் குறைந்ததாகவோ இருக்கும். மக்கிய தழையிலிருந்து நீரில் இறங்கும் பழுப்புச் சாறோ எதிர்மின்னேற்றம் உடையது. அச்சாறு சிறிதளவே இருப்பின், துகள்களின் மின்னேற்றத்தைப் போக்கி அவை திரளுவதற்குத் துணை செய்வதும் உண்டு. மிகுதியாயின், ஒவ்வொரு துகளையும் உறைபோல் மூடிக்கொள்ளும். எல்லாத் துகள்களும் ஒரே வகை மின்னேற்றம் பெறுவதால் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதக்கும், திரளாதவை படிவதில்லை.

முற்காலத்தில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்து எழுதுமை செய்தவர்கள், அதில் வேலம் பிசினையும் கரைத்தனர். இரும்பினால் உண்டான கறுப்புத் துகள்கள் அடியில் தங்காமல் மிதந்து நிற்க அப்பிசின் உதவிற்று. மைக்கூட்டில் வேண்டப்பட்ட அந்தக் குணமே பாசனத் தொட்டியில் கேடாக முடிகிறது.

நீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் இதற்கு மாறாக வேலை செய்வன. 1976-ஆம் ஆண்டில் ஷோல்கோவிட்ஸ் என்னும் அறிஞர் ஸ்காத்லாந்து நாட்டு ஆற்று நீரைக் கடல் நீருடன் கலந்து சோதித்தபோது, பழுப்புச் சாற்றோடு மிதந்து வந்த இரும்பு திரண்டு பிரிந்ததைக் கண்டார். ஆதலின் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் இத்தொல்லை குறைவாகவும், மென்னீரில் மிகுதியாகவும் இருக்கும். தெளியாத நீரைக் குழாயில் விட்டுச் சுண்ணாம்புச் சத்துள்ள உரத்தை அதனுடன் கலப்பின், துகள்கள் குழாய்க்குள்ளேயே திரளவும் கூடும். படிகாரமும் துகள்களைத் திரட்ட வல்லதே. ஆயினும் இலைச் சாறு மிகுந்த நீரில் அதன் பெரும்பகுதி அச்சாற்றுக்கே செலவாகிவிடுகிறது. பணம் கரைந்தும் நீர் தெளியாமைக்கு இதுவே காரணம்.

குற்றம் தொட்டியினதா அன்றா என்பதை எளிதிற் சோதிக்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் கிணற்று நீரையும், மற்றொன்றில் தொட்டி நீரையும் பாதியளவு நிரப்பி, நன்கு குலுக்கி, ஓரிரவு வைத்துப் பார்க்க வேண்டும். கிணற்று நீர் தெளிந்து, தொட்டி நீர் கலங்கியே நிற்குமாயின், திருத்த வேண்டியது தொட்டியையே. ஒரு லிட்டர் நீரில் இரும்பு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் சொட்டுவான்கள் கடுமையாக அடைபடக்கூடும். ஆகவே நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி அளவையும் அறிந்துகொள்ளல் நலம்.

தொட்டியைத் தூர்வாரி, வலையிட்டு மூடி, கால்நடை இறங்காமல் வேலியிடுதல் வேண்டும். கிணற்று நீரைப் படிகளில் வழியவிட்டுக் காற்றூட்டி, ஒரு நாளேனும் தேக்கி, பின்னரே மணலில் வடிக்க வேண்டும். குளத்து நீரையும் சேர்ப்பதாயின், கிணற்று நீரிலுள்ள இரும்பு படிந்த பிறகே சேர்க்கலாம்.

“தழையும் சாணமும் நிலத்துக்கு நல்லவையாயிற்றே, நீருக்கு எப்படித் தீங்காகும்?” என்று சிலர் வினவலாம். நல்லவையே, ஆயினும் அவற்றின் இடம் எருக்குழியும் வயலுமே. தொட்டியில் வாரிய சருகைக் கரையில் குவித்தால் அடுத்த மழையில் மீண்டும் உள்ளே வந்துவிடும். அதை எருக்குழிக்குக் கொண்டு சேர்ப்பவர் நீரையும் காத்து, நிலத்தையும் வளமாக்குகிறார். நிழல் மரங்களை வெட்டவும் வேண்டுவதில்லை. வலை விரித்தாலே போதும்.

கிராம அலுவலர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. இலைச் சாறு கலந்த குடிநீரில் குளோரின் மருந்தைச் சேர்க்குங்கால் குளோரோபாரம் முதலிய வேண்டாப் பொருள்கள் உண்டாகின்றன என்று 1974-இல் ஹாலந்து தேசத்து அறிஞர் ரூக் வெளியிட்டார். அதற்காகக் கிருமிநாசினியை நிறுத்துதல் பெரும் பிழை; குடிநீர்த் தொட்டிக்கு மூடி இடுதலே தக்க வழி. ஊர்ப் பணத்தில் புதிய வடிகட்டிக்கு மதிப்பீடு எழுதுமுன், தொட்டியின் மூடியையும் அடிச்சேற்றையும் ஒருமுறை நேரிற் பார்வையிடுவது அவர்தம் கடமையாகும்.