பள்ளிக் கணினி அறை மாலையிலும் திறக்கட்டும்: பனவடலிசத்திரம் வட்டார மக்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஊர் மக்கள் நலச் சங்கம்,
பனவடலிசத்திரம்,
சங்கரன்கோவில் வட்டம்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தென்காசி.

பொருள்: கணினியை முதன்முதலாகத் தொடுவோருக்கு அடிப்படைப் பயிற்சியும் அலுவலக மென்பொருள் பயிற்சியும் பனவடலிசத்திரம் வட்டாரத்திலேயே மாலை நேரத்தில், தமிழில், கட்டணமின்றிக் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். மானாவாரி விவசாயம், ஆடு மாடு, பீடி சுற்றுதல், கூலி வேலை ஆகியவற்றை நம்பிப் பிழைக்கும் வட்டாரம் இது. வானம் பார்த்த பூமியில் எங்களால் சேர்த்துவைக்க முடிந்த சொத்து பிள்ளைகளின் படிப்பு ஒன்றுதான். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் என்று படித்த பிள்ளைகள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கக்கூட அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்கிறார்கள். அந்தக் குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மனு.

எங்கள் நிலை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். விண்ணப்பம் இணையத்தில்தான். புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி அளவில் இருக்க வேண்டும் என்கிறார்கள். கேபி என்றால் என்ன, படத்தின் அளவைக் குறைப்பது எப்படி என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கக்கூடிய பாடம். சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் பிள்ளைகள் ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். பாஸ்வேர்டைக் கடைக்காரர்தான் வைக்கிறார். ஓ.டி.பி. எண்ணையும் அவரிடமே சொல்கிறார்கள். பிறந்த தேதியோ சாதிச் சான்றிதழ் எண்ணோ தவறாகப் பதிவானால், அது நுழைவுச்சீட்டு வரும்போதுதான் தெரியவருகிறது.

கைப்பேசியில் கெட்டிக்காரர்களாக இருக்கும் பிள்ளைகளே கணினி முன் அமர்ந்தால் திகைக்கிறார்கள். எடுத்த படத்தை எங்கே வைப்பது என்று கைப்பேசி கேட்பதில்லை. கணினி கேட்கிறது. கோப்பு, கோப்புறை, சேமித்தல், நகலெடுத்தல் ஆகியவை கைப்பழக்கத்தால் மட்டுமே வருபவை. பழகுவதற்கு வீட்டில் கணினி வேண்டும். 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றுப்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4.4 சதவீதம், நகர்ப்புறத்தில் 23.4 சதவீதம். வீட்டில் இல்லாததை ஊரில் ஒரு பொது இடத்தில் தருவது அரசின் கடமை என்று கருதுகிறோம்.

வேலை கேட்கும் தகுதியும் மாறிவிட்டது. தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுத் தேர்ச்சியோடு தொழில்நுட்பக் கல்வித் துறை வழங்கும் அலுவலகத் தானியக்கச் சான்றிதழும் வேண்டும். எல்லோரும் சி.ஓ.ஏ. என்று சொல்லும் தேர்வு அது. தட்டச்சில் தேறிய எங்கள் பெண்கள் இதற்காகத் தனியார் மையம் தேடிச் சங்கரன்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டியிருக்கிறது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது 2021 மே மாதம் முதல் பெரிய உதவி. ஆனால் மையத்தின் கட்டணத்துக்கும் மாலை ஏழு மணிக்கு மேல் தனியே ஊர் திரும்பும் அச்சத்துக்கும் அந்தப் பயணச்சீட்டு விடை தருவதில்லை.

கருவிகள் இருக்கின்றன

புதிதாகக் கோடிகளைக் கொட்டுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் பணிக்கென்றே மாநில அரசு தனி நிறுவனம் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. ஆனால் ஆய்வகம் பள்ளி நேரம் முடிந்ததும் பூட்டப்படுகிறது. அன்று தரப்பட்ட மடிக்கணினிகளில் பல, பழுது பார்க்க வழியில்லாமல் பரணில் கிடக்கின்றன. படிப்பை முடித்துப் பள்ளியை விட்டு வந்தவருக்கும், பள்ளிக்கே போகாத தாய்க்கும் அந்த ஆய்வகத்தின் கதவுக்குள் இடமில்லை.

மத்திய அரசு 2017இல் தொடங்கிய பிரதமரின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் 14 முதல் 60 வயது வரை உள்ளோரில் வீட்டுக்கு ஒருவருக்குப் பயிற்சி என்று வகுத்தது. மொத்தம் 20 மணி நேரம். கணினியை இயக்கவும் இணையத்தில் பணம் செலுத்தவும் அது போதும். பிழையின்றி ஒரு கடிதம் அடிக்கவோ வரவு செலவுக் கணக்கை அட்டவணையாகப் போடவோ போதாது. அந்த இயக்கமும் 2024 மார்ச் 31 அன்று முடிவுற்றது. வீட்டுக்கு ஒருவர் என்ற விதியால் எங்கள் வீடுகளில் பெரும்பாலும் ஆண் பிள்ளைக்கே அந்த இடம் போனது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

நம் மாவட்டத்து மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011இல் அலுவலகம் திறந்தது. கடிதம் எழுதவும், கணக்கு அட்டவணை போடவும், மின்னஞ்சல் அனுப்பவும் மென்பொருள் செய்து உலகெங்கும் விற்கும் நிறுவனம் அது. கிராமத்தில் அமர்ந்தே அந்த வேலையைச் செய்யலாம் என்று காட்டிய மாவட்டத்தில், அதே வகை மென்பொருளைத் திறந்து பார்க்க எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் இடம் இல்லை.

மலைக்கு அப்பால் கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி, 2022 செப்டம்பரில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. தன்னார்வலர்கள் வேலை நடக்கும் இடங்களுக்கும் வீடுகளுக்கும் சென்று கற்றுக்கொடுத்தார்கள். கேரளம் அதை மாநிலம் முழுவதும் விரித்து, 2025 ஆகஸ்ட் 21 அன்று தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்துக்கொண்டது. இப்படி வீடு தேடிச் சென்று கற்பிப்பது நமக்கும் புதிதல்ல. 1990களில் அறிவொளி இயக்கம் திண்ணையிலும் தெருவிளக்கடியிலும் அமர்ந்து எழுத்தறிவித்ததை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் கோரிக்கைகள்

1. பள்ளி ஆய்வகத்தை மாலையில் திறத்தல்: எங்கள் வட்டாரத்தில் ஆய்வகம் உள்ள அரசுப் பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரத்தில் 5 நாள், மாலை 5.30 முதல் 7.30 வரை பொதுமக்கள் பயிற்சிக்குத் திறக்க ஆணையிட வேண்டும். மாணவர்களின் இணையவழித் தேர்வு நாட்களில் வகுப்பு வேண்டாம். பள்ளிக் கோப்புகளை வெளியார் தொடாதபடி கணினிகளில் தனிப் பயனர் கணக்கு அமைக்கலாம். வருகைப் பதிவேடு, அறையின் சாவி, பொருட்களின் பாதுகாப்பு ஆகியவற்றுக்குச் சங்கம் எழுத்துப்பூர்வமாகப் பொறுப்பேற்கும்.

2. எண்பது மணி நேரப் பாடம்: மத்திய அரசின் நீலிட் நிறுவனம் நடத்தும் சி.சி.சி. என்ற அடிப்படைக் கணினிப் படிப்பு 80 மணி நேரம் கொண்டது. அதற்குக் கல்வித் தகுதி வரம்பு இல்லை. நாளுக்கு 2 மணி, வாரத்துக்கு 5 நாள் என்றால் 8 வாரத்தில் அது முடியும். முதல் 20 மணி நேரத்தில் மவுஸ், விசைப்பலகை, கோப்புகளைக் கையாளுதல், மின்னஞ்சல், பி.டி.எஃப்., கடவுச்சொல் பாதுகாப்பு, இணைய மோசடிகளை அடையாளம் காணுதல் ஆகியவற்றைக் கற்பிக்கலாம். அடுத்த 40 மணி நேரம் வேர்ட், எக்செல், பவர்பாயின்டுக்கு. மீதி 20 மணி நேரம் தமிழ்த் தட்டச்சுக்கும் மாதிரித் தேர்வுக்கும். எடுத்துக்காட்டுகள் எங்கள் வாழ்க்கையிலிருந்து வரட்டும். பால் சங்கக் கணக்கைக் கூட்டிப் பார்ப்பதும், மகளிர் குழுவின் கடன் தவணையைப் பிரித்துப் போடுவதும், விதை, உரச் செலவை வரிசைப்படுத்துவதும் எக்செல் பாடமாகட்டும். சாலை கேட்டும் தண்ணீர் கேட்டும் எழுதும் மனு, வேர்ட் பாடமாகட்டும்.

3. ஒருவருக்கு ஒரு கணினி: ஆசிரியர் திரையில் காட்ட, இருபது பேர் வேடிக்கை பார்ப்பது பயிற்சியாகாது. இருக்கும் கணினிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவே ஒரு பிரிவில் ஆள் சேர்க்க வேண்டும்.

4. உள்ளூர்ப் பயிற்றுநர்கள்: கணினி அறிவியல் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் வட்டார இளைஞர்களைத் தேர்ந்து, மதிப்பூதியத்தில் அமர்த்த வேண்டும். பெண்களுக்குத் தனிப் பிரிவும் பெண் பயிற்றுநரும் வேண்டும். பீடி சுற்றும் தாய்மார்களுக்கு வசதியாக ஒரு பிரிவை ஞாயிறு காலையில் நடத்தலாம்.

5. தமிழ் 99, ஒருங்குறி: தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 எழுத்துகளின் இடத்தை அறிந்தால் 247 எழுத்தையும் அடிக்கலாம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். கற்கத் தொடங்குவோருக்கு இதைவிட எளிய முறை இல்லை. ஒருங்குறியை (யூனிகோடு) அரசு 2010இல் தரமாக ஏற்றது. ஆனாலும் கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்களிலேயே அடித்துத் தருகிறார்கள். அந்தக் கோப்பை வேறு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக நிற்கிறது. பயிற்சி முழுவதும் ஒருங்குறியிலேயே நடக்க வேண்டும். தமிழில் அச்சிட்ட பாடநூலும் வேண்டும்.

6. விலையில்லா மென்பொருள்: மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸோடு லிப்ரே ஆஃபிஸையும் கற்பிக்க வேண்டும். லிப்ரே ஆஃபிஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. பரணில் கிடக்கும் பழைய மடிக்கணினியிலும் நிறுவலாம். சி.சி.சி. பாடத்திட்டத்திலும் அது இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை மடிக்கணினி பழுது நீக்கும் முகாம் நடத்தினால் பல வீடுகளில் கணினி மறுபடி உயிர் பெறும்.

7. சான்றிதழ்: முடிப்போருக்கு நீலிட் தேர்வுக் கட்டணத்தை அரசே செலுத்த வேண்டும். தட்டச்சில் தேறியோருக்கு சி.ஓ.ஏ. தேர்வுக்கான தனிப் பயிற்சியும் வேண்டும். டேலி, டி.டி.பி. போன்ற தொழிற்பயிற்சிகளை, முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையமும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் எங்கள் வட்டாரத்துக்கே வந்து நடத்த வேண்டும்.

8. நூலகம்: சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி செலுத்துகிறோம். வட்டாரத்து நூலகத்தில் இணைய வசதியுடன் குறைந்தது 2 கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் வைத்தால், கற்றவர்கள் பழக்கத்தை விடாமல் தொடர முடியும்.

9. முதியோர், மாற்றுத்திறனாளிகள்: 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் (2022–2027) டிஜிட்டல் அறிவும் ஓர் அங்கம். அதன் கற்றல் மையங்களை இப்பயிற்சியோடு இணைக்க வேண்டும். பார்வையற்றோருக்காகத் திரையை வாசிக்கும் என்.வி.டி.ஏ. மென்பொருளை ஒரு கணினியிலாவது நிறுவ வேண்டும். அதற்கும் விலை இல்லை.

நிதியும் எங்கள் பங்கும்

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம், 2013 நிறுவனச் சட்டம் சொல்லும் 2 சதவீதச் சமூகப் பொறுப்பு நிதி ஆகியவை இதற்குக் கைகொடுக்கும். எங்கள் வயல்காட்டைச் சுற்றிக் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றை நடத்தும் நிறுவனங்களிடம் தாங்கள் ஒரு சொல் சொன்னால் நாற்காலிகளும் மின்கலங்களும் வந்து சேரும். மாலை நேர மின்கட்டணத்தில் ஒரு பங்கு, அறையைத் துப்புரவாக வைத்திருத்தல், இரவில் பெண்களை வீடு வரை கொண்டுவிடும் துணை, கற்க விரும்புவோர் பட்டியல் ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. முதல் பிரிவில் தேறியவர்கள் அடுத்த பிரிவுக்கு உதவியாளர்களாக இருப்பார்கள் என்ற நிபந்தனையையும் நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட நூலக அலுவலர், திறன் பயிற்சி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் ஆகியோரை ஒருமுறை எங்கள் ஊரில் கூட்டி, 30 நாட்களுக்குள் ஆய்வு நடத்தவும், அடுத்த 60 நாட்களுக்குள் முதல் பிரிவைத் தொடங்கவும், எடுத்த நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.

இந்த மனுவைக் கையால் எழுதி, சங்கரன்கோவிலில் ஒரு கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அடித்து வாங்கி வந்திருக்கிறோம். அடுத்த மனுவை எங்கள் ஊரிலேயே, எங்கள் பெண்களும் பிள்ளைகளும் அடித்துக் கொண்டுவரும்படி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஊர் மக்கள் நலச் சங்கம்,
பனவடலிசத்திரம்.

நகல் பணிந்து அனுப்பப்படுவது:
1. முதன்மைக் கல்வி அலுவலர், தென்காசி மாவட்டம்.
2. மாவட்ட நூலக அலுவலர்.
3. வட்டாட்சியர், சங்கரன்கோவில்.
4. வட்டார வளர்ச்சி அலுவலர்.
5. சட்டமன்ற உறுப்பினர், சங்கரன்கோவில் தொகுதி.