கிராக் போட்ட கணினி யாருடையது?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. மறுநாள் நம் அம்பாறைக் கரையின் கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ எந்தக் கணினியும் திறக்காமல் போகவில்லை. கொமியூனிகேஷன்களில் போட்டோகொப்பி எடுத்தார்கள், கடைகளில் பில் அடித்தார்கள், பாடசாலைகளில் வினாத்தாள் தயாரித்தார்கள். வேலை தடைப்படாததால் யாரும் இதைப் பற்றிப் பேசவுமில்லை. ஆனால் இனிக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அந்தக் கணினிகளில் அடைபடப் போவதில்லை. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஏறக்குறைய 2018க்குப் பிந்திய செயலியும் கேட்கிறது. பாவித்த கணினியை வாங்கி ஓட்டும் ஊருக்கு இது லேசான நிபந்தனை இல்லை. தனிநபர்கள் இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிப்பு வேண்டுமென்றால் 30 டொலர் கட்டலாம் என்று அப்போது அறிவித்தார்கள். அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கைத் திறந்து, கணினியின் அமைப்புகளை அந்நிறுவனத்திடம் சேமிக்கச் சம்மதிக்கலாம் என்றார்கள். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பொன்று எதிர்த்த பிறகு அங்குள்ளவர்களுக்கு மட்டும் அந்த நிபந்தனை தளர்ந்தது. நமக்காக எதிர்க்க யாரும் இருக்கவில்லை.

நம் பக்கத்தில் இதற்கெல்லாம் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. கம்பியூட்டர் கடைக்குக் கொண்டுபோனால் போமட் பண்ணி, விண்டோஸும் ஒபிஸும் போட்டுத் தருவார்கள். அந்தக் கூலியில் உரிமத்துக்கென்று ஒரு சதமும் இருக்காது. மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான பி.எஸ்.ஏ. 2017ஆம் ஆண்டுக்குச் செய்த கணிப்பில், இலங்கையில் நிறுவப்பட்ட மென்பொருளில் 77 சதவீதம் உரிமமற்றது. கணித்தவர்கள் விற்பவர்கள் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்வோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் காக்கிறது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும் பதிப்புரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத் அங்கீகரிக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. பிஸ்கட் பக்கற்றைத் திருப்பி ஹலால் முத்திரை தேடும் நாம், பள்ளிவாசல் காரியாலயக் கணினிக்குள் இருப்பது எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உரிமமில்லாத மென்பொருளை ஓட வைக்கக் கிராக் போடும் விதத்தைக் கவனியுங்கள். உரிமம் இருப்பதுபோல் காட்டும் ஆக்டிவேட்டர் என்ற நிரல், தன்னை இயக்கும் முன் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறது. பிறகு நிர்வாகி அதிகாரம் கேட்கிறது. கொடுத்துவிட்டால் அந்தக் கணினிக்குள் அது செய்ய முடியாதது எதுவுமில்லை. அதை எழுதியவர் யார், கை மாறி வந்த பென் டிரைவில் கூடவே என்ன ஏறி வந்தது என்பதெல்லாம் போட்டவருக்கே தெரியாது. கே.எம்.எஸ்.பிகோ என்ற பேர்போன ஆக்டிவேட்டரின் பெயரில் உலாவிய ஒரு நிறுவி, சேமித்த கடவுச்சொற்களை அள்ளிச் செல்லும் கிரிப்ட்பொட் என்ற நிரலையும் சேர்த்தே இறக்கியதை ரெட் கெனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசம்பரில் விளக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் நிரல்களில் ஒரு பெரிய குடும்பமே கிராக் பதிவிறக்கங்கள் வழியாகத்தான் பரவியது. போதாததற்கு, ஆக்டிவேஷன் கழன்றுவிடும் என்ற பயத்தில் அப்டேட்டை நிறுத்தி வைப்பதும் வழக்கம். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற கப்ப நிரல் உலகைக் கலக்கியபோது அதற்கான திருத்தம் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் அந்தத் திருத்தம் போடாத கணினிகள்.

சரி, காசு கொடுத்து வாங்கினால் தீர்ந்துவிடுமா? நம் அரசாங்கத்துக்கே அது தீரவில்லை. 2023 ஓகஸ்ட் இறுதியில் லங்கா அரச மேகக்கணினி மீது கப்பம் கேட்கும் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் ஏறக்குறைய 5,000 அரச முகவரிகளில் அழிந்துபோயின. அமைச்சரவைக் காரியாலயமும் அதில் அடங்கும். இணையத்திலிருந்து துண்டித்து வைத்த நகல் அந்தக் காலத்துக்கு இல்லை. இருந்த நகல்களும் சேர்ந்தே பூட்டப்பட்டன. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவை அந்நிறுவனம் 2023 ஏப்ரல் 11இல் நிறுத்தியிருந்தது. 2021 முதலே புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிருந்தும் நிதித் தட்டுப்பாட்டாலும் தன் முன்னைய பணிப்பாளர் சபையின் சில முடிவுகளாலும் தாமதமானது என்று அதைப் பராமரித்த அரச நிறுவனமான ஐ.சி.டி.ஏ. விளக்கம் சொன்னது. துண்டித்து வைக்கும் நகல் எடுக்காதது நிர்வாகத்தின் தவறு, அதற்கு எந்த மென்பொருளும் பொறுப்பாகாது. ஆனால் பாதுகாப்பான பதிப்புக்கு மாறுவதே ஒரு கொள்வனவாக இருக்கும்போது, டொலர் இல்லாத நாட்டில் பாதுகாப்பும் திறைசேரியின் வரிசையில் போய் நிற்கிறது.

உரிமம் தவறாமல் கட்டுபவர்களுக்கும் உத்தரவாதம் இல்லை. 2025 ஜூலையில் இந்தியாவின் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத் தடைகளையொட்டி மைக்ரோசொஃப்ட் சேவையை நிறுத்தியது. அந்நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. கல்முனை மாநகர சபைக்கோ சம்மாந்துறையில் ஒரு மருந்தகத்துக்கோ அப்படி வழக்காட வசதி இருக்கிறதா?

மாற்று ஒன்று இருக்கிறதென்பதை இந்தக் கரைக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மிக அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அந்த நாட்களில் காணாமற்போனோர், முகாம்களில் இருப்போர், எந்த அமைப்பு எங்கே உதவுகிறது, எங்கே என்ன தேவை என்ற விவரங்களையெல்லாம் ஒழுங்குபடுத்த இலங்கைக் கணினித் துறைத் தொண்டர்கள் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் ஊடாக எழுதிய மென்பொருள்தான் சஹானா. அதை யாரும் எடுத்துப் பாவிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். அதனால்தான் அடுத்த ஆண்டே பாகிஸ்தான் பூகம்பத்திலும், பிறகு பிலிப்பைன்ஸிலும் 2010இல் ஹெயிட்டியிலும் அது பாவனைக்கு வந்தது. எந்த நாடும் நம்மிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. 2006க்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. நம் மையத்துகளின் கணக்கிலிருந்து பிறந்த மென்பொருள் அது. அதை இந்தக் கரையின் பாடசாலைகள் ஒரு பாடமாகக்கூடச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கட்டற்ற மென்பொருளில் ஓட்டை இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. 2024 மார்ச்சில் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் உலகமே பாவிக்கும் எக்ஸ்.இஸட். என்ற சிறு நிரலுக்குள், நம்பிக்கைக்குரியவராக நடித்து உள்ளே வந்த ஒருவர் வைத்த பின்கதவு வெளிப்பட்டது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ரொயிண்ட் என்ற பொறியியலாளர். உள்நுழைவு அரை வினாடி தாமதமாவது ஏன் என்று கிளறிப் பார்த்தார். அதில் அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கிளறிப் பார்க்க மூலநிரல் அவர் முன்னே இருந்தது. விண்டோஸ் தெரியாத பிள்ளைக்கு வேலை கிடைக்காது என்ற பயத்துக்குப் பக்கத்திலேயே பதில் உண்டு: கேரளத்து அரச பாடசாலைகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி கற்பிக்கின்றன. உண்மையில் கனதியான ஆட்சேபம் அச்சகங்களுடையது. கலியாணக் கார்டும் நோட்டீசும் இன்றும் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் ஓடுகின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001இல் வந்தது. பாமினியை எடுத்துவிட்டால் கோப்பில் மிஞ்சுவது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். இருபது வருட உழைப்பு அந்த ஒரு எழுத்துருவில் தொங்குகிறது. அவர்களை இன்றே மாறச் சொல்வது அநியாயம். பழைய கோப்புகளுக்கு ஒரு கணினியை இணையம் இல்லாமல் ஒதுக்கிவிட்டு, புதிய வேலைகளை, ஒரே எழுத்துருவில் தங்கியிராத யுனிகோடில் தொடங்கினால் போதும்.

மற்றவர்களுக்கு அந்தத் தடையும் இல்லை. கடிதம், கணக்கு, பெயர்ப் பட்டியல், மின்னஞ்சல் என்பதோடு நிற்கும் பாடசாலைக் காரியாலயமோ மத்ரஸாவோ சங்கமோ விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட், ஒபிஸுக்குப் பதில் லிப்ரே ஒபிஸ் ஆகிய இரண்டோடு வேலையை முடிக்கலாம். இலங்கைக்கான தமிழ் விசைப்பலகையும் அதிலேயே இருக்கிறது, பழைய கணினியிலும் ஓடும், அப்டேட்டுக்கு ஆண்டுதோறும் யாருக்கும் கட்ட வேண்டியதில்லை. வேண்டியது சொல்லிக்கொடுக்க ஆள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் மாணவர்களில் இந்த ஊர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதிபர்களும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் அவர்களை அழைக்கட்டும். விண்டோஸ் 10இல் நின்றுபோன ஒரு கணினியை மட்டும் இந்தத் தவணைக்குள் மாற்றிப் பாருங்கள். மற்றவற்றை அதன் பிறகு முடிவு செய்யலாம்.