அடிச்சுமை இல்லாத கடற்பெருமை

கடாரத்தில் தொடங்காமல் கடலைப் பற்றிப் பேசி முடித்த தமிழ் மேடை ஒன்றையேனும் நாம் கண்டதில்லை. 1025-ஐ ஒட்டி இராசேந்திரன் படை கடல் கடந்தது. பட்டினப்பாலையில் குதிரைகள் கலத்தில் வந்திறங்கின. புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்தியவர் மரபில் வந்தவன் என்று கரிகாலனைப் புகழ்ந்தார். எல்லாம் மெய். கைதட்டலும் மெய். ஆயின், அந்தக் கலம் காற்றில் சாய்ந்தபோது கவிழாமல் நிமிர்ந்தது எங்ஙனம் என்று கேட்டுப் பாருங்கள். அவையில் மின்விசிறி ஓசை மட்டுமே கேட்கும்.

அண்மையில் இலக்கிய நண்பர்கள் சிலரிடையே இந்தக் கேள்வியை எழுப்பினோம். "இது பொறியாளர் வேலை ஐயா, நமக்கு அழகியல் போதும்" என்றார் ஒருவர். அந்த ஒற்றை வரிக்கு மறுப்பாகவே இக்கட்டுரை. காற்றை ஆண்ட பெருமை மட்டும் நமக்கு வேண்டும், காற்றை ஆள்வது எப்படி என்ற அறிவு வேறொருவருக்குரியது என்பது எந்த ஊர் நியாயம்?

ஆங்கிலத்தில் 'பேலஸ்ட்' என்பார்கள். கலத்தின் அடிவயிற்றில், அது சாயாமலிருக்க ஏற்றப்படும் சுமை. கொரட்டூர் ரயில் நிலையத்தில் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கருங்கல்லுக்கும் அவர்கள் இட்ட பெயர் அதுதான். நம் வீட்டுக் குழல் விளக்கின் சோக்குக்கும் அதே பெயர். நம்மவர் ஒன்றை ஜல்லி என்றும் மற்றொன்றைச் சோக் என்றும் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். மூன்றாவதற்கு, கப்பலில் உள்ளதற்கு, எழுத்துத் தமிழ் தடுமாறுகிறது. இங்கே எளிமை கருதி அடிச்சுமை என்கிறோம். இதனினும் நல்ல சொல் தூத்துக்குடித் தோணிக்காரர் எவரிடமேனும் இருக்கும். அதைக் கேட்டு எழுதிவைக்கும் வேலையை எந்தத் தமிழ்த்துறை மேற்கொண்டது என்பதே நம் வினா.

வள்ளுவர் மயிற்பீலியை வண்டியில் ஏற்றி, அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்றார். சுமை மிகுந்தால் வரும் கேடு நமக்குப் பள்ளியிலேயே பாடமாயிற்று. சுமை குறைந்தால் வரும் கேட்டைக் கடலோடிகள் மட்டுமே அறிவர். சரக்கை இறக்கிவிட்டு வெறுங்கலமாய்த் திரும்பும் தோணிதான் சரக்கோடு போகும் தோணியைவிட அஞ்சத்தக்கது. அதனால்தான் உலகெங்கும் கல்லும் மணலும் அள்ளிப் போட்டுக்கொண்டு கலங்கள் திரும்பின. பாக் நீரிணையில் ஓடிய வத்தைகளில் வேறொரு வழியும் இருந்தது. படகின் குறுக்கே ஒரு பலகையை நீட்டி, காற்று வரும் பக்கத்தில் ஆட்களே அதன் நுனிவரை சென்று அமர்வார்கள். காற்று வலுத்தால் இன்னும் ஓராள். மனிதனே அடிச்சுமை! ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் 1920-ஆம் ஆண்டிலேயே இந்தியப் படகுகளைப் பற்றிய தம் ஆய்வில் இந்தப் பலகையைப் பதிவு செய்துவிட்டார். மீன்வளத்துறை அலுவலருக்குக் கண்ணில் பட்டது நம் தமிழ்ப் புலவர்களின் கண்ணில் படவில்லை.

இக்காலச் சிறு பாய்ப்படகுகள் சிலவற்றில் கல்லுக்கும் மணலுக்கும் பதிலாகத் தண்ணீரே அடிச்சுமை. கேட்டவுடன் நகைப்புத் தோன்றும். தண்ணீரில் மிதப்பதற்குத் தண்ணீரையே ஏற்றுவதா? காரணம் எளிது. ஈயமோ இரும்போ அடியில் பதித்த படகை மகிழுந்தின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வது எளிதன்று. ஆகவே அடித்தட்டில் ஒரு தொட்டியை அமைத்து, நீரில் இறக்கியதும் நிரப்பிக்கொண்டு, கரையேறியதும் திறந்துவிட்டு வருகிறார்கள். அமெரிக்காவில் மெக்ரெகர் என்ற நிறுவனம் கட்டிய 26 அடிப் படகுகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. அரை டன்னுக்கு மேற்பட்ட தண்ணீர் அவற்றின் வயிற்றில் நிற்கும்.

இனி, நண்பர் அழகியல் அல்ல என்று ஒதுக்கியதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

தொட்டிக்கு இரண்டு வாய்கள். கீழே நீர் புகும் அடைப்பான் ஒன்று. மேலே, பெரும்பாலும் முன்பகுதியில், நீர்மட்டத்துக்கு மேல் காற்றுப்போக்கி ஒன்று. கீழ்வாயை மட்டும் திறந்தால் தண்ணீர் கொஞ்சம் புகுந்து நின்றுவிடும், உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளக் கடற்கரைக்குப் போகவேண்டியதில்லை. மாடியில் புதிதாக வைத்த சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து குழாயில் நீர் வராதபோது வரவழைக்கப்படும் குழாய்ப் பணியாளர், குழாயைத் தட்டிப் பார்த்து, "காத்து அடைச்சிருக்கு சார், ஏர் லாக்" என்கிறாரே, அதே நோய்தான். காற்றுப்போக்கி தொட்டியின் உச்சிப்புள்ளியில் இல்லாவிட்டால் மூலையில் ஒரு காற்றுக்குமிழி தங்கும். தொட்டி நிரம்பியதாகத் தோன்றும், நிரம்பியிராது.

நிரம்பாத தொட்டி வெறுந்தொட்டியினும் கொடியதாகலாம். கோடையில் நம் தெருவுக்குள் வரும் தண்ணீர் லாரியைப் பாருங்கள். பாதி இறக்கிவிட்டு மிச்சத்தோடு திருப்பத்தில் வளையும்போது உள்ளே இருக்கும் நீர் ஒரு பக்கமாய் ஓடி வண்டியையே தள்ளும். ஓட்டுநர் அதை அறிந்து மெல்லத் திருப்புவார். படகிலும் அப்படியே. படகு இடப்பக்கம் சாய்ந்தால் அரைகுறை நீரும் இடப்பக்கமே ஓடும். நிமிர்த்த வேண்டிய சுமை கவிழ்க்கும் சுமையாகிவிடும். தொட்டிக்குள் தடுப்புப் பலகைகள் வைத்து இவ்வோட்டத்தைக் குறைப்பர், ஒழிக்க இயலாது. விளிம்புவரை நிரம்பிய தொட்டியில் ஓடுவதற்கு இடமே இல்லை என்பதே மருந்து.

நிரம்பியபின் இரண்டு வாய்களையும் இறுக மூடவேண்டும். இங்கேதான் பலரும் இடறுவது. நீர்மட்டத்துக்குக் கீழே நிற்கும் தொட்டிக்கு மூடி எதற்கு என்று தோன்றும். படகு நிமிர்ந்து நிற்கும்வரை அந்த ஐயம் சரியே. பெருங்காற்றில் படகு விலாவில் படுக்கும்போது தொட்டியின் ஒரு பக்கம் நீருக்கு மேலே தூக்கப்படுகிறது. அந்தக் கணத்தில்தான் அத்தண்ணீர் சுமையாகி, கீழே இழுத்துப் படகை நிமிர்த்துகிறது. அக்கணத்தில் காற்றுப்போக்கி திறந்திருந்தால்? காற்று உள்ளே புகும், நீர் வெளியே ஓடும். அல்லது காற்றுப்போக்கியின் வழியே தொட்டி நீர் படகின் அறைக்குள் கொட்டும். இளநீரில் இட்ட உறிஞ்சுகுழலின் மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினால் நீர் கீழே விழாது அல்லவா? அந்தக் கட்டைவிரல்தான் காற்றுப்போக்கியின் மூடி. அம்மூடியின் கீழே ஒரு ரப்பர் வளையம். வெயிலில் அது வெடிக்கும், ஆண்டுகள் ஆக இறுகும். விலை மிகச் சொற்பம். அதைப் பார்த்து மாற்றாதவன் அரை டன் தண்ணீரை நம்பிக் கடலில் இறங்குகிறான்.

2002 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சாம்ப்ளெயின் ஏரியில், வாணவேடிக்கை காணப் பலரை ஏற்றிச் சென்ற இவ்வகைப் படகு ஒன்று கவிழ்ந்து, அறைக்குள் இருந்த இரண்டு குழந்தைகள் மாண்டார்கள். செலுத்தியவரின் குடியே வழக்கின் மையம் என்றாலும், தொட்டி நிரம்பியிருந்ததா என்பதும் நீதிமன்றத்தில் நெடிது பேசப்பட்டது. ஏரிதான், கடலன்று. நாமும் ஏரிக்கரையில்தான் குடியிருக்கிறோம். 2015 திசம்பரில் மீனவர்கள் தம் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சென்னைத் தெருக்களில் மக்களை மீட்டபோதும், 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்ப் பக்கம் வெள்ளம் சூழ்ந்தபோதும், படகின் நிலைப்பைப் பற்றிய அறிவு நமக்கு ஏட்டறிவாக இருக்கவில்லை. படகில் எங்கே உட்காரவேண்டும், ஏன் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்கக்கூடாது என்று மீட்க வந்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கத்தலில் இருந்த இயற்பியல், நம் பாடநூல் ஒன்றிலேனும் தமிழில் அவ்வளவு தெளிவாக இருக்கிறதா?

"தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லையே" என்பது அடுத்த தடை. வாசருக்கும் அடைப்பானுக்கும் சொல் தேடி ஆட்சிமொழி அகராதிகளைப் புரட்டுகிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை கொரட்டூரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே வால்வு கடையும் லேத் பட்டறைகள் உண்டு. ரப்பர் வளையம் வார்ப்போர், நாரிழை அச்சில் தொட்டி செய்வோர் உண்டு. நாள் முழுதும் கசிவையும் அடைப்பையும் தமிழிலேயே பேசித் தீர்க்கிறார்கள். அவர்கள் பேச்சில் ஓ-ரிங் என்ற சொல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்; அறிவு தமிழில் இருக்கிறது. நம்மிடம் தூய சொல் இருக்கிறது, அறிவு இல்லை. இவ்விரண்டில் எது வறுமை?

ஏட்டில் எதுவுமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கப்பல் சாத்திரம் என்ற பழைய தமிழ்ச் சுவடியைச் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் அச்சிட்டது. மரத்தின் குணம், ஏராவின் நீளம், அந்நீளத்துக்குரிய பலாபலன் என்று கட்டுமானமும் சோதிடமும் கலந்து செல்லும் நூல். தமிழ் முதுகலையில் இலக்கணத்துக்கும் காப்பியத்துக்கும் தாள் உண்டு; இந்நூலுக்கு ஒரு வகுப்பு உண்டா? கடாரத்தைப் பற்றி முழங்குவோரில் ஏரா என்றால் என்னவென்று அறிந்தவர் எத்தனை பேர்? (படகின் அடிமுதுகெலும்பு அது. இன்றும் படகு கட்டுவோர் வாயில் வாழும் சொல்.)

இதுவரை சொன்னவற்றைச் சிறு படகுக்காரர்களின் விளையாட்டு என்று தள்ளுவோர், கொஞ்சம் வடகிழக்கே எண்ணூருக்கு வரவேண்டும்.

பெருங்கப்பல்களும் அடிச்சுமையாகத் தண்ணீரையே ஏற்றுகின்றன. ஓரிடத்துத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான டன் நீரை உறிஞ்சி, வேறொரு கண்டத்தில் சரக்கு ஏற்றும்போது வெளியே விடுகின்றன. அந்நீரோடு அவ்வூர் உயிர்களும் வந்து இறங்கும். 1980-களில் அமெரிக்கப் பேரேரிகளுக்கு வரிக்குதிரை மட்டி இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அதன்பின் அங்கே, சிறு பாய்ப்படகைக் கூட ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்கு எடுத்துச் செல்லுமுன் தொட்டியைத் திறந்து வடித்து உலர்த்தச் சொல்கிறார்கள். கப்பல்களுக்கான அனைத்துலக உடன்படிக்கை 2004-இல் எழுதப்பட்டு, 2017 செப்டம்பர் 8 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தொட்டிகள் எத்தனை துறைமுகங்களில் திறக்கப்பட்டனவோ.

கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் இன்று ஆற்றடியைக் கம்பளம்போல் மூடிக் கிடக்கிறது தென், நடு அமெரிக்கக் கரைகளுக்குரிய ஒரு மட்டி. அறிவியலார் அதை மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்பர். கப்பல்களின் அடிச்சுமை நீரோடு வந்திருக்கலாம் என்பதே பலரின் கணிப்பு. நூல்நூலாகப் பின்னிக்கொண்டு சேற்றை அது மூடிவிடுவதால், இறால் புதைவதற்கும் மஞ்சள் மட்டி வாழ்வதற்கும் இடமில்லை. சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து வாழ்ந்தவர்களின் கை இப்போது அதன் ஓட்டில் கிழிகிறது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதை வழக்காகவே எடுத்துக்கொண்டது. இதை முதலில் கண்டு பெயரிட்டவர்கள் மீனவர்கள். காக்கா ஆழி என்றார்கள். கருத்த ஓட்டைக் கண்டதும் பிறந்த பெயராக இருக்கவேண்டும். எந்தக் குழுவும் கூடி ஆக்கியதன்று.

நம் மாணவர் ஒருவர், அந்தப் பக்கத்துப் பிள்ளை, பருவத் தேர்வுக் கட்டுரையில் அந்தச் சொல்லை எழுதினார். விடைத்தாளைத் திருத்திய ஆசிரியர் அதன்மேல் சிவப்பு மையால் கோடிழுத்து, 'கொச்சை வழக்கு, தவிர்க்க' என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார். அதே தாளில் 'அலைகடலின் ஆர்ப்பரிப்பு' என்ற தொடருக்கு அடியில் பாராட்டுக் குறி! ஊர் ஊராக அலைந்தாலும் கிடைக்காத ஒரு புதுச்சொல், இலக்கியம் படிக்கும் பிள்ளையின் கையால் வகுப்புக்குள் வந்திருக்கிறது. தமிழ் கற்றவர் அதைத் தள்ளி, ஆயிரம் முறை அரைத்த தொடரை மெச்சுகிறார். அந்தப் பிள்ளை அடுத்த தேர்வில் ஆற்றைப் பற்றி எழுதவில்லை. நிலவைப் பற்றி எழுதினார். முழு மதிப்பெண்.

அழகியல் பேசிய நண்பருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. அந்தச் சிவப்புக் கோட்டை இழுத்த கைக்கும் உங்கள் வாக்கியத்துக்கும் தொலைவு அதிகமில்லை. கடலை அலையும் நிலவுமாக மட்டும் காண்போர்க்குக் காக்கா ஆழி அருவருப்பாகத்தான் தோன்றும், ரப்பர் வளையம் அற்பமாகத்தான் தோன்றும்.

வரும் ஆவணியில் நம் குழுவின் கூட்டத்துக்கு 'தமிழரும் கடலும்' என்று பொருள் குறித்திருக்கிறார்கள். பேச்சாளர் பட்டியலில் நான்கு பேராசிரியர்கள், இரண்டு கவிஞர்கள். ஒருவர் பெயரை நீக்கிவிட்டு, எண்ணூர் ஆற்றில் வலை போடும் ஒருவரையும் தொழிற்பேட்டையில் வால்வு கடையும் ஒருவரையும் அழைக்கவேண்டுமென்று அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறோம். நீக்குவதற்கு நம் பெயரே பட்டியலில் மூன்றாவதாக இருக்கிறது.