பெட்ரோலுக்கு விலை கட்டும் பித்தலாட்டம்

பெட்ரோல் விலை ஏறினதும், "சர்க்கார் விலையைக் கட்டிவிட்டால் ஏழைக்கு நன்மை" என்று வோட்டுக் கேட்கும் கனவான்கள் கிளம்பிவிடுகிறார்கள். 2022 மே மாதத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, நெருக்கடிக் காலத்தில் "மிதமிஞ்சிய" விலைக்கு விற்பதைக் குற்றமாக்கும் மசோதா ஒன்றை நிறைவேற்றிற்று. மிதம் எது என்று யார் சொல்லுவது? செனட்டில் அது நிறைவேறவில்லை. நல்லதாயிற்று என்றே சொல்லுவோம்.

அந்நாட்டாருக்கு இது புதிதா? 1971இல் நிக்சன் விலைகளைக் கட்டினார். மற்றவை போயும் எண்ணெய்க் கட்டுப்பாடு நீடித்தது. 1979இல் ஈரான் குழப்பத்தால் சரக்குக் குறைந்தது உண்மையே. ஆனால் உள்ள சரக்கையும் ஒழுங்காகப் போய்ச் சேரவிடாமல் செய்தது இந்தக் கட்டுப்பாடல்லவா? வண்டி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து ஊற்றும் கதி வந்தது. 1981இல் ரீகன் அதை எடுத்தெறிந்தார்.

ஹங்கேரியைப் பாருங்கள்! 2021 நவம்பரில் ஓர்பான் சர்க்கார் லிட்டருக்கு 480 போரிண்ட் என்று விலை கட்டிற்று. வெளிநாட்டில் விலை அதற்கு மேல் போயிற்று. நஷ்டத்துக்குக் கொண்டுவந்து விற்க எந்த வியாபாரிக்குப் பைத்தியம்? இறக்குமதி சுருங்கிற்று, பங்க்குகளில் சரக்குத் தீர்ந்தது, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். உத்திரவில் விலை இருக்கிறது, பங்க்கில் பெட்ரோல் இல்லை! ஏட்டுச் சுரைக்காயைக் கறி சமைத்த கதைதான். 2022 டிசம்பரில் அதே சர்க்காரே உத்திரவை ரத்துச் செய்தது.

எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. கொள்ளை லாபம் அடித்தால் வரி போடட்டும். ஏழைக்கு உதவ வேண்டுமானால் பணமாகவே கொடுக்கட்டும். கட்டின விலையிலோ, இரண்டு கார் வைத்திருப்பவனுக்கே அதிக லாபம். காரே இல்லாத கூலிக்காரனுக்குக் காலணா உண்டா?